நீ கேட்ட மெத்தையை நான் தைக்க மாட்டேன்

ஐந்நூறு ரூபாயும் ஆயிரம் ரூபாயும் ஒரே அறிவிப்பில் வெறும் காகிதமாகி, ஊரே பேங்க் வாசலில் வரிசை கட்டி நின்ற வருஷம் அது. முதலமைச்சர் கண்ணை மூடி, தாம்பரத்தில் டீக்கடை முதல் மருந்துக்கடை வரை ஷட்டரை இறக்கிய வருஷம். அடுத்த வாரமே வர்தா புயல் வந்து ஜி.எஸ்.டி. ரோட்டு மரங்களை வேரோடு பிடுங்கிப் போட்ட வருஷம். எனக்குத் தேதி சொல்லத் தெரியாது, யூசுப். காலண்டரைப் படிக்கத் தெரியாதவன் வருஷத்தை இப்படித்தான் பிடித்து வைத்துக்கொள்வான். புயல் அடித்த மறுநாள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. தெருமுனை அடிபம்பில் தண்ணீர் பிடித்து வந்து குளித்த உன் அம்மா, ஈரத் தலையோடு என் முன்னால் வந்து நின்று, "என்னங்க, மார்ல கல்லு மாதிரி ஒண்ணு கெடக்குது" என்றாள். வாசலில் விழுந்து கிடந்த முருங்கை மரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். "கொழுப்புக் கட்டியா இருக்கும் சபியா, போய்த் தலையத் துவட்டு" என்று சொல்லிவிட்டு மறுபடி அரிவாளை ஓங்கினேன். நம் வீட்டுக்குள் அது நுழைந்தது அப்படித்தான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், போனில் உன் படம் வருகிறது. பெயரைப் படிக்கத் தெரியாது என்பதற்காக நீயே பிடித்து வைத்துக் கொடுத்த படம். அதில் உன் தலையில் நிறைய முடி இருக்கிறது. "அத்தா, இந்த ஃபோம் மெத்தையில படுத்துப் படுத்து இடுப்பெல்லாம் எரியுது. இலவம் பஞ்சுல ஒண்ணு போட்டுக் கொடுங்களேன். அம்மாவுக்குப் போட்டீங்களே, அதே மாதிரி" என்றாய். குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்து, கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிற பிள்ளை கேட்கிறான். மெத்தை தைத்தே அவனை வளர்த்த தகப்பன் வேறு என்ன சொல்வான்? "சரிப்பா" என்றேன். அன்று மாலையே பஞ்சு வாங்கினேன். கோடு போட்ட துணியை அளந்து வெட்டினேன். பெரிய ஊசியில் நூல் கூட ஏறிவிட்டது. கைதான் துணியில் இறங்கவில்லை. துணியை விரித்தால் அதில் உன் அம்மா படுத்திருந்த இடம் தெரிகிறது. புதுத் துணியிலேயே தெரிகிறது.

முடியாது என்று போனில் சொன்னால் நீ "சரி அத்தா" என்று வைத்துவிட்டு, கடையில் போய் வாங்கச் சொல்லி ஆள் அனுப்பிவிடுவாய். அதனால்தான் நான் சொல்லச் சொல்ல எழுதித் தர ஒருவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். யார் என்று கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் அவருக்காகப் படிப்பாய், எனக்காகப் படிக்க மாட்டாய். எழுதி முடித்ததும் இதை ஜெராக்ஸ் எடுத்து, மருந்து ஏற்றும் ஹாலில் உன்னோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கொடுக்கலாம் என்கிறார். கொடு. எனக்கு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. நோயாளியைப் படுக்கப் போட்டுப் பார்த்துக்கொள்ளும் நல்ல மனசுக்காரர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். நானும் நல்ல மனசோடுதான் செய்தேன்.

நீ போன் பண்ணுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பொத்தேரிக்கு வந்தேனே, அன்று பார்த்ததைச் சொல்கிறேன். கீழே உன் மெஸ்ஸில் காலேஜ் பிள்ளைகள் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார்கள். "தாத்தா, அண்ணன் எப்ப கீழ வருவாரு? இவங்க சாம்பார்ல உப்பே இல்ல" என்று ஒருவன் கேட்டான். சிரித்துக்கொண்டே மாடிக்கு ஏறினேன். உன் வீட்டு வாசலில் உன் செருப்பு கிடந்தது. அதன் மேல் மாவு சலித்தது போலத் தூசி. விரல் பதிகிற இடத்தில் கூடத் தூசி. அந்த இடத்திலேயே என் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே உன் மனைவி ஆயிஷா பெருமையாகச் சொன்னாள்: "மாமா, இவரை ஒரு துரும்பக்கூட அசைக்க விடுறதில்ல. தண்ணி வேணுமா, ஃபேன் போடணுமா, பெல்லை அமுக்கினாப் போதும், நான் ஓடி வந்துடுவேன். ஆஸ்பத்திரிக்குக்கூட நாற்காலில வச்சுத்தான் தூக்கி இறக்குறோம்." சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள். நான் உன் கால்மாட்டில் உட்கார்ந்தேன். போர்வை விலகி உன் கெண்டைக்கால் தெரிந்தது. மெஸ் அரிசி மூட்டையைத் தோளில் போட்டு மாடி ஏறிய கால். எலும்பில் துணி சுற்றியது போல இருந்தது. அந்த நேரம் பார்த்து நீ பெல்லை அமுக்கினாய். சமையல்கட்டில் அது குருவி போலக் கத்தியது.

அந்தச் சத்தம் கேட்டு என் உடம்பு உதறியதை நீ பார்த்தாய். "என்ன அத்தா, குளிருதா?" என்றாய். "இந்த பெல் எங்க வாங்கின?" என்று கேட்டேன். "அம்மாவோடதுதான் அத்தா. நல்லாத்தான் ஓடுது, பேட்டரி மட்டும் மாத்தினேன்" என்றாய், எதுவுமே இல்லாதது போல. உன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அந்த பெல்லை நீ உன் பைக்குள் வைத்துக்கொண்டாய். ஞாபகத்துக்காக எடுத்துப் போகிறாய் என்று நினைத்தேன். அது இன்னொரு வீட்டில், இன்னொரு தலைமாட்டில் உட்கார்ந்து மறுபடி கத்தும் என்று நினைக்கவில்லை.

உனக்கு அப்போது வேலைக்கு ஓடுகிற வயசு, பாதிதான் தெரியும். மீதியைச் சொல்கிறேன். மருந்து ஏற்றும் ஹாலில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். உன் அம்மா போகிற நாளில் எப்போதும் அதே முகங்கள்தான் அந்த வரிசையில் இருக்கும். உன் அம்மாவோடு சேர்த்து நாலு பேர். பெருங்களத்தூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிய கோதண்டம், அவருக்கு வயிற்றில். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்த வரதன், கழுத்தில் கட்டி. ஆனாலும் கை ஒவ்வொன்றும் உலக்கை போல இருக்கும். பள்ளிக்கூடத்து ஸ்டெல்லா டீச்சர், கர்ப்பப்பை பக்கத்தில். டீச்சர் ஆளே ஒரு குடைக்கம்பி அளவுதான். ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தேடுவாள். தேடும்போதே அவள் முகம் மாறும். நாலு பேரில் முதலில் போகப் போவது டீச்சர்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லோரும் நினைத்தோம். கோதண்டம்தான் எதையும் வாய்விட்டுப் பேசுகிறவர். "இன்னா பாய், நாங்க நாலு பேரும் ஒரே பஸ்ஸுல ஏறிகினு கீறோம். எவன் எந்த ஸ்டாப்புல எறங்கப் போறான்னு கண்டக்டருக்குத்தான் தெரியும். டீச்சரம்மா, டிக்கெட்ட பத்திரமா வெச்சிக்க" என்பார். வரதன் சிரிப்பார். டீச்சர், "நான் பாஸ் வச்சிருக்கேன் கோதண்டம், கடைசி ஸ்டாப் வரைக்கும் செல்லும்" என்பார். உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அங்கே பிசியோதெரபி பார்க்கிற ஒரு சின்னப் பெண் வருவாள், நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. உன் அம்மாவின் கையைப் பிடித்து மேலே தூக்கிக் கீழே இறக்கி, "அம்மா, வீட்டுல போய் படுத்தே கெடக்கப்பிடாது. ஏலுற அளவு எழும்பி நடக்கணும். அசதியா இருக்குன்னு படுத்தா அசதி கூடத்தான் செய்யும், கொஞ்சம் நடந்தா அது விடும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "பாப்பா, நாங்க மெத்தை தைக்கிறவங்க. நோவு வந்தவனுக்குப் படுக்கைதான் பாதி மருந்துன்னு எங்க அத்தா சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றேன். அது எங்கள் தொழிலின் பேச்சு. கால் ஒடிந்தவன் வீட்டுக்கும் பிள்ளை பெற்றவள் வீட்டுக்கும் அதைச் சொல்லித்தான் மெத்தை கொண்டுபோய் இறக்குவோம். அந்தப் பெண் கோபப்படவில்லை. "அய்யா, அது வேற நோவு, இது வேற நோவு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் பக்கம் போனாள். டீச்சர் அவள் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்து மெத்தை தைத்தோம்.

அது போல ஒரு மெத்தையை நான் வாழ்நாளில் தைத்ததில்லை. கொட்டையும் தூசியும் ஒன்று கூட இல்லாமல் பஞ்சைப் பொறுக்கி, வில்லால் அடித்து, மறுபடி அடித்து, மேகம் போல ஆக்கித் திணித்தேன். உன் அம்மா அதில் உட்கார்ந்ததும் இடுப்பு வரை அமுங்கி, "எழுந்திருக்கவே மனசு வராது போலிருக்கே" என்றாள். நீ தாம்பரம் மார்க்கெட்டில் அந்த பெல்லை வாங்கி வந்தாய். நீயும் நானும் சேர்ந்துதான் செய்தோம், யூசுப். பால் வாங்கத் தெருமுனைக்குப் போகிறேன் என்று ஒரு நாள் அவள் கிளம்பினாள். பதறிப் போய் அவள் செருப்பை எடுத்துப் பரணில் போட்டேன். "மருந்து விஷம் மாதிரி உடம்புல ஓடுது, இப்பப் போய் தெருவச் சுத்துவாங்களா?" என்று சத்தம் போட்டேன். மறுநாள் பரணை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு பார்க்கவே இல்லை.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. மருந்து ஏற ஆரம்பித்த புதிதில் அவள் நின்றுதான் தொழுதாள். நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து, மறுபடி எழுந்து. மெல்லத்தான், ஆனாலும் ஒரு வேளை விடாமல். அவள் உடம்பு அசைந்ததே அந்த வேளைகளில்தான். முழங்கால் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "நோயாளிக்குச் சலுகை இருக்கு சபியா, நாற்காலில உக்காந்து தொழு" என்றேன். பிறகு, "படுத்துக்கிட்டே தொழலாம், கண்ணால சைகை பண்ணாப் போதும்" என்றேன். சலுகை, முடியாதவளுக்கு. அவளுக்கு முடிந்தது. கடவுள் முன்னால் நிற்க முடிந்தவளை நான் படுக்க வைத்தேன். தொழுகைப் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தி வைத்தேன்.

மெத்தை பொய் சொல்லாது. பஞ்சு மாற்றக் கொண்டுவரும் மெத்தையைத் தொட்டாலே அதில் படுப்பவனைச் சொல்லிவிடுவேன். ஓரம் அமுங்கியிருந்தால் உட்கார்ந்து எழுகிறவன். அங்கங்கே அமுங்கியிருந்தால் புரண்டு படுக்கிறவன். உன் அம்மா மெத்தையில் முதலில் ஓரம் அமுங்கியது. கொஞ்ச நாளில் ஓரம் விறைப்பாகி, நடுவில் ஒரே ஒரு பள்ளம் விழுந்தது. கபர்க் குழியின் அளவு, கபர்க் குழியின் வடிவம். நான் பார்த்தேன். எனக்குப் புரிந்தது, தொழில்காரனுக்குப் புரியாதா? ஆனால் என்ன செய்தேன்? அவளை நாற்காலிக்கு மாற்றிவிட்டு மெத்தையை மாடிக்குத் தூக்கிப் போய், பஞ்சை அடித்து, பள்ளத்தை நிரப்பி, மறுபடி அதிலேயே படுக்க வைத்தேன். பள்ளம் திரும்ப வந்தது. மறுபடி நிரப்பினேன்.

கோதண்டம் சும்மா இருக்கிற ஆளில்லை. அவரும் டீச்சரும் காலை வெயில் ஏறும் முன் நம் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். நடப்பது என்றால், டீச்சர் நாலடி வைப்பார், நிற்பார், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வார். "டீச்சரம்மா போற ஸ்பீடுக்கு ஏரித் தண்ணியே வத்திப் பூடும்" என்று கோதண்டம் கிண்டலடிப்பார்; ஆனால் கூடவே நிற்பார். ஒரு நாள் நம் வாசலில் ஆட்டோவை நிறுத்தி ஹாரன் அடித்தார். "பாய், அக்காவ எழுப்பி இட்டுனு வா. ஏரியாண்ட ஒரு நடை நடந்துட்டு, நானே கொண்டாந்து வுட்டுர்றேன். வூட்ல படுக்கப் போட்டு இன்னாத்துக்கு பாய் ஊறுகா போடற?" என்றார். ஆட்டோவுக்குள்ளிருந்து டீச்சர், "வரச் சொல்லுங்க பாய், பேசிட்டே இருப்போம்" என்று எட்டிப் பார்த்தார். நான் வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டு, "அவ தூங்குறா" என்றேன். ஆட்டோ போன சத்தம் அடங்கியதும் திரும்பினேன். உன் அம்மா தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. கட்டிலிலிருந்து ஒரு காலைக் கீழே தொங்கவிட்டு, தரையைத் தொடப் பார்த்தபடி இருந்தாள்.

மருந்து முடிந்தது, ஆபரேஷன் முடிந்தது, ரேடியேஷன் கரண்ட் வைப்பதும் முடிந்தது. பெரிய டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கட்டி இல்ல பாய், சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றார். தெருவுக்கே இனிப்பு கொடுத்தோம். ஆனால் காரிலிருந்து இறங்கி வாசல் ஏற அவளால் முடியவில்லை. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கினோம். அவள் எடையே இல்லாமல் இருந்தாள். நோய் கிளம்பிப் போன வீட்டில் காலும் சேர்ந்து போயிருந்தது. அதற்கப்புறம் அவள் இடது கால் மட்டும் வீங்கியது. "நீர் கோத்திருக்கும்" என்று எண்ணெய் தடவி, காலுக்கு அடியில் தலையணை வைத்தேன். அதுவும் நான் தைத்த தலையணை. ஒரு நாள் காலையில் வாசலில் உட்கார்ந்து பஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறேன், குருவி கத்தியது. உள்ளே போனேன். "மூச்சு வரலங்க" என்றாள். கோதண்டத்தின் ஆட்டோவில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஜி.எஸ்.டி. ரோட்டைத் தொடும்போதே அவள் தலை என் தோளில் கனத்துவிட்டது. காலில் ரத்தம் உறைந்து, அது நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அந்த நோய்க்கே ரத்தம் உறைய வைக்கும் குணம் உண்டு, மருந்தும் ஒரு காரணம், அசையாமல் படுத்திருந்ததும் ஒரு காரணம் என்றார். எது எவ்வளவு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் இரண்டும் என் கையில் இல்லை. மூன்றாவது என் கையில் இருந்தது.

இதைக் கேட்டுவிட்டு நீ துள்ளி எழுந்து ஓட ஆரம்பித்துவிடாதே. அந்தப் பக்கமும் பள்ளம் இருக்கிறது. உன் அம்மா போனபின் நானும் ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தேன். வரதனும் வந்தார். "அக்கா படுத்துத்தான போனாங்க? நான் படுக்கவே மாட்டேன் பாய்" என்று கரையைச் சுற்றி ஓடினார். பட்டறைக்குப் போய் இரும்பு ராடு தூக்கினார். அவருக்கு இன்னும் மருந்து ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு காலை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார், கண் சிவந்திருந்தது. டீச்சர் அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வரதன், உடம்பு சுடுது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். "டீச்சர், நல்லா வேர்த்தா காய்ச்சல் தானா விட்டுடும். எங்க பட்டறையில இதான் வைத்தியம்" என்று சிரித்துக்கொண்டே ஓடினார். அந்தச் சிரிப்புதான் கடைசி. மருந்து ஏறுகிற உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி தரையில் கிடக்கும். அப்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. சாயங்காலம் நடுக்கம் கண்டு கொண்டுபோனார்கள். உலக்கை மாதிரிக் கை, வாரம் திரும்புவதற்குள் துணியில் சுற்றி வந்தது. அந்த நாகர்கோவில் பெண் தேம்பித் தேம்பி அழுதாள்: "காய்ச்சல்னா நடக்கப்பிடாது, உடனே வரணும்னு எத்தனை மட்டம் சொன்னேன்." சொல்லத்தான் சொன்னாள். எனக்குச் சொன்னதை நான் கேட்டேனா, அவர் கேட்க?

கோதண்டம் எல்லாம் சரியாகத்தான் செய்தார். கேட்டு நடந்தார், முடியாத நாளில் உட்கார்ந்தார், மறுநாள் மறுபடி வந்தார். ஆட்டோவும் ஓட்டினார். கொரோனா ஊரடங்கில் போலீஸ்காரர்கள் ஏரிக்கரையில் நின்று விரட்டியபோது தன் வீட்டு மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு நடுவே நடந்தார். அப்படியும் அந்த வருஷமே நோய் திரும்பி வந்தது. நடந்தவர்கள் எல்லாம் பிழைத்தார்கள் என்று நான் உனக்குப் பொய் எழுதச் சொல்ல மாட்டேன். கடைசியாகப் பார்க்கப் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு தானே கக்கூசுக்குப் போய்விட்டு வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்தார். "பாய், என் ஸ்டாப்பு வந்துடுச்சு. ஆனா பாத்தியா, எவன் தோள் மேலயும் ஏறாம நானே எறங்கறேன். என் பொண்டாட்டி இடுப்பு தப்பிச்சுது" என்றார். அதற்கப்புறம் நான் அவரைத் தூக்கினவர்களில் ஒருவனாகத்தான் போனேன்.

இங்கே எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு, "ஒரு நிமிஷம் பாய்" என்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இப்போது உன் விஷயம். உன் டாக்டரிடம் நாளைக்கே கேள்: நான் எவ்வளவு நடக்கலாம், என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று. அந்த ஆஸ்பத்திரியிலும் பிசியோதெரபி பார்க்கிற ஒரு பிள்ளை இருக்கும். அது சொல்வதைக் கேட்டு என்னைப் போலச் சிரிக்காதே. மருந்து ஏற்றி வந்து உடம்பு முறுக்கிப் போட்டது போல இருக்கும் நாளில் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போனால் போதும், ஆனால் போ. சாப்பிடும்போது உட்கார்ந்து சாப்பிடு. நின்று தொழ முடிந்த வேளை நின்று தொழு. முடியாத வேளைக்குத்தான் சலுகை. வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள், டாக்டர் சரி என்று சொல்லும் வரை மெஸ் அண்டாவில் கை வைக்காதே. உடம்பு சுட்டால், தலை சுற்றினால், ரத்தம் எங்கிருந்து வந்தாலும், நடையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஒரு கால் மட்டும் வீங்கினால் எண்ணெய் தடவாதே, தலையணை வைக்காதே, அன்றைக்கே காட்டு. ஆயிஷாவைத் திட்டாதே. அவள் செய்வது பாசம். நானும் அதைத்தான் செய்தேன். அவள் ஓடி வருவதற்குப் பதிலாக உன் கையைப் பிடித்துக்கொண்டு கூட நடக்கட்டும். அந்த பெல்லின் பேட்டரியைக் கழற்றிவிடு. ஒரு டம்ளர் தண்ணீருக்கு எழுந்து போ.

உனக்குப் பயம் இருக்கிறது என்று தெரியும். எனக்கு அதைவிடப் பெரிய பயம். உன் கெண்டைக்காலைப் பார்த்த நாளிலிருந்து கண்ணை மூடினால் உன் மெத்தையின் நடுவில் விழுந்திருக்கும் பள்ளம்தான் தெரிகிறது. ஃபோம் மெத்தை அதை மறைக்கிறது. நீ எழுந்ததும் அது மேலே வந்துவிடும், அந்தக் காலத்துப் பஞ்சு போல உண்மையைக் காட்டாது. ஆனால் நான் போர்வைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன், நீ ஆயிஷாவோடு பேசிக்கொண்டிருந்தபோது. ஓரம் விறைப்பாக இருந்தது. நடு மட்டும் சூடாக இருந்தது. நடந்தால் நீ நிச்சயம் தப்புவாய் என்று என்னால் சொல்ல முடியாது. படுத்தே கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

வாங்கிய பஞ்சு வீணாகவில்லை. வெட்டிய துணியைச் சின்னதாக்கி, உட்காரும் திண்டு ஒன்று தைத்திருக்கிறேன். இறுக்கித் திணித்திருக்கிறேன், அமுங்காது. சீக்கிரம் எழுந்துவிடத் தோன்றும். ஜன்னல் ஓரம் நாற்காலியில் போட்டு உட்கார். அதைக் கொடுக்க நாளை விடிந்ததும் முதல் ரயிலில் பொத்தேரிக்கு வருகிறேன். மாடிக்கு வர மாட்டேன். உன் மெஸ் வாசலில் நிற்பேன். நீ செருப்பைத் தட்டித் தூசியை உதறிப் போட்டுக்கொண்டு, ஆயிஷாவின் கையைப் பிடித்து, எத்தனை நேரமானாலும் சரி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்து வாங்கிக்கொள். வராவிட்டாலும் அங்கேயேதான் நிற்பேன். மறுநாளும் வருவேன்.

தனியாக வரவில்லை. எழுதிக்கொண்டிருப்பவரும் கூட வருகிறார். "பாய், நான் பிழைச்சது நடந்ததாலதான்னு எழுதச் சொல்லாதீங்க, அது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை செக்கப்புக்குப் போகும்போதும் இன்னமும் எனக்குப் பயம்தான். வர்ற வாரமும் போகணும். ஆனா இத்தனை வருஷத்தை நான் படுத்துக் கழிக்கல. அதை மட்டும் எழுதிக்கிறேன்" என்கிறார். எழுதிக்கொள்ளட்டும். நாலு நாற்காலி இருந்த வரிசை, யூசுப். உன் அம்மா இறங்கிவிட்டாள். வரதன் இறங்கிவிட்டார். கோதண்டம் இறங்கிவிட்டார். முதலில் போகும் என்று நாங்கள் எல்லோரும் மனசுக்குள் கணக்குப் போட்ட அந்தக் குடைக்கம்பி உடம்பு நாளைக் காலையில் என் பக்கத்தில் நின்று உன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த பஸ்ஸில் இன்னும் உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான், ஸ்டெல்லா டீச்சர்.